கைதான பையனுக்கு வக்கீல்: இலவச வழிகளில் எதை, எப்போது பிடிப்பது?

"தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வக்கீல் வைக்கக் கையில் காசில்லை. லீகல் எய்டுக்குப் போனால் ஏனோதானோ என்றுதான் பார்ப்பார்களாம். நகையை அடகு வைத்தாவது நல்ல வக்கீலைப் பிடிக்கலாமா?" கைது நடந்த வீட்டிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதே வரிசையில்தான் இருக்கும். முதலில் பயம், அடுத்து பணம், பிறகு சந்தேகம், கடைசியில் நகை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓர் இளைஞர் கைதானால், முதல் ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி மேற்கொண்டு காவலில் வைக்க உத்தரவு கேட்கும் கட்டத்துக்கு, லீகல் எய்டு எனப்படும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீலைக் கேட்டு வாங்குங்கள். நகையைப் பற்றி ஒரு வாரம் கழித்து யோசிக்கலாம். இலவச வக்கீலை ஏற்றுக்கொண்டால் பிறகு வேறு வக்கீலுக்கு மாற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள்; மாறலாம். அவசரத்தில் கடன் வாங்கிக் கொடுத்த ஃபீஸைத் திரும்ப வாங்குவதுதான் நடக்காத காரியம்.

ஆனால் எல்லா வழக்குக்கும் இதே பதில் பொருந்தாது. வயது குறைவாக இருந்தால், போலீஸ் அடித்திருந்தால், குண்டர் சட்டம் போட்டிருந்தால் கணக்கு மாறும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி வயது. சம்பவம் நடந்த அன்று 18 முடிந்திருந்ததா? இல்லையென்றால் சட்டமே வேறு, விசாரிக்கும் இடமும் வேறு.

அடுத்தது நேரம். கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. அப்படியானால் வக்கீல் தேட உங்களுக்குக் கிடைப்பது ஓர் இரவுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் முடிந்துவிடும். "ஊரிலேயே பெரிய கிரிமினல் வக்கீல்" திங்கட்கிழமை வருவார் என்றால் அந்த முதல் நாளுக்கு அவர் பயன்பட மாட்டார்.

மூன்றாவது, இவர் கோர்ட்டில் நின்று வாதாட முடியுமா, ஆலோசனை மட்டும்தானா? நான்காவது, எந்தக் கட்டம் வரை கூட வருவார்: ரிமாண்ட், ஜாமீன், விசாரணை, மேல்முறையீடு? ஐந்தாவது, "இலவசம்" என்ற சொல்லுக்கு வெளியே என்னென்ன செலவு ஒளிந்திருக்கிறது? கடைசியாக, இந்த வழக்கில் போலீஸையே எதிர்த்துப் பேச வேண்டி வருமா?

"இவர் திறமைசாலியா" என்ற கேள்வியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அது முக்கியம்தான். ஆனால் கைதான இரவில் அதை அளக்க உங்களிடம் எந்த வழியும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அளவுகோல் ஆகாது.

## 18 முடியவில்லை என்றால்

இங்கே தேர்வே கிட்டத்தட்ட தேவையில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி, 18 வயதுக்குட்பட்டவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் குழுமம். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். சிறாருக்குச் சட்ட உதவி கிடைப்பதை உறுதி செய்வது குழுமத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. குழந்தை என்ற ஒரு காரணம் போதும்; குடும்ப வருமானத்தைக் கேட்கக் கூடாது.

ஜாமீனும் வேறு மாதிரி. பெரியவர்களுக்கு ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும், சிறாருக்கு ஜாமீன்தான் விதி. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவார், அவருக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்ற மூன்று காரணங்களில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். அப்போதும் போக வேண்டிய இடம் கூர்நோக்கு இல்லம், சிறை அல்ல.

அதனால் அந்த இரவில் வக்கீலைத் தேடி அலைவதைவிட ஒரு காகிதத்தைத் தேடுவது முக்கியம். வயதை முடிவு செய்ய சட்டத்தின் 94ஆவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளியில் கொடுத்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லாவிட்டால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. ஆதாரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், "பதினெட்டு ஆயிடுச்சே" என்ற பதிலோடு திரும்பி வரும் பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. பள்ளிச் சான்றில் ஒரு தேதி, ஆதாரில் வேறு தேதி என்றால் பள்ளிச் சான்றைக் காட்டுங்கள்.

அன்றைக்குக் காட்டத் தவறியிருந்தாலும் கதவு மூடிவிடாது. சம்பவ நாளில் தான் சிறார் என்பதை எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம்.

16 முதல் 18 வயதுக்குள் இருந்து, குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம் என்றால் மட்டும் கவனம் கூட வேண்டும். பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அந்த மதிப்பீட்டுக்கு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும். வசதி இருந்து தனியாக வக்கீல் வைக்க நினைப்பவர்கள் பணத்தை இந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் தொடர்பான அவசரத்துக்கு 1098 எண்ணும் உண்டு.

## வழி 1: சட்டப் பணிகள் ஆணைக்குழு

லீகல் எய்டு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கும் அமைப்பு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு. போனில் 15100.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும். சாதிச் சான்றோ வருமானச் சான்றோ தேவையில்லை. அப்பா அரசு ஊழியராக இருந்தாலும், பையன் காவலில் இருக்கிறான் என்பதே தகுதி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜாமீனில் வெளியே வந்த பிறகு முதன்முறையாக விண்ணப்பித்தால் அந்தத் தகுதி போய்விடும். வருமானம் போன்ற வேறு வகையில் தகுதி காட்ட வேண்டியிருக்கும். ஆகவே உள்ளே இருக்கும்போதே மனுக் கொடுத்துவிடுவது நல்லது.

கேட்பது எப்படி? மும்பைத் தாக்குதல் குற்றவாளி அஜ்மல் கசாப் வழக்கின் தீர்ப்பில் 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கைதானவரை முதன்முதலாகத் தன் முன் நிறுத்தும்போதே, வக்கீல் வைக்கும் உரிமை உண்டு, வசதி இல்லாவிட்டால் அரசு செலவில் கிடைக்கும் என்று மாஜிஸ்திரேட் தெரிவித்தாக வேண்டும். தவறினால் அவர் மேலேயே துறை நடவடிக்கை வரலாம். நாடே வெறுத்த ஒருவனுடைய வழக்கிலிருந்து வந்த இந்த வரி இன்று பெட்டி கேஸில் மாட்டிய பையனுக்கும் உதவுகிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் ரிமாண்டுக்கென்றே ஒரு வக்கீலை ஆணைக்குழு நியமிக்கிறது. "எனக்கு வக்கீல் இல்லை, லீகல் எய்டு வேண்டும்" என்று பையன் வாய் திறந்து சொன்னால் போதும். போலீஸ் விசாரணை நடக்கும்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

ரிமாண்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இதன் மதிப்பு புரியும். ஸ்டேஷன் ரைட்டர் ரிமாண்ட் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து முடிப்பார். அரசு மருத்துவமனையில் ஒரு பரிசோதனைச் சீட்டு வாங்குவார்கள். பிறகு கோர்ட். மாஜிஸ்திரேட் "அடிச்சாங்களா?" என்று கேட்பார். அரை அடி தள்ளி அதே ஏட்டு நின்றுகொண்டிருப்பார். பத்தொன்பது வயதுப் பையன் "இல்லைங்க" என்றுதான் சொல்வான். எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள். அந்த நேரத்தில் "சட்டையைக் கழற்றிப் பாருங்கள், ஐயா" என்று சொல்ல ஒரு கறுப்புக் கோட்டு தேவை. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, குடும்பத்துக்குச் சொன்னார்களா, ஏழு ஆண்டு வரையிலான தண்டனை உள்ள குற்றம் என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரித்திருக்கலாமே, ஏன் கைது என்று கேட்கவும் அதே ஆள்தான் வேண்டும். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போய், அடுத்தடுத்து உயிரிழந்தபோது, ரிமாண்ட் எப்படி நடந்தது என்பதுதான் ஊரெல்லாம் எழுந்த கேள்விகளில் ஒன்று.

சரி, தரம்? "ஏனோதானோ" என்ற புகார் முழுக்கப் பொய்யில்லை. பழைய முறையில், ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே லீகல் எய்டு வழக்கையும் பார்த்தார்கள். கொடுக்கப்படும் தொகையும் குறைவு. 2022இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில் திட்டம் இதை மாற்றப் பார்க்கிறது. குற்ற வழக்கில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் ஆஜராகும் முழுநேர வக்கீல்கள். வெளியே தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம், துணைத் தலைமை வக்கீலுக்கு 7 ஆண்டு. உதவி வக்கீல்கள் புதியவர்கள். உங்கள் வழக்கு கொலை முயற்சி, போக்ஸோ (சிறார் மீதான பாலியல் குற்றம்), கஞ்சா போன்று கனமானது என்றால், உதவி வக்கீலிடம் விடாமல் மூத்தவர் பார்க்க வேண்டும் என்று ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். செயலாளர் ஒரு நீதிபதி. எழுத்தில் வந்ததைத் தள்ளிவிடுவது எளிதல்ல. பட்டியலில் உள்ள குறிப்பிட்ட வக்கீலைக் கேட்கவும் செய்யலாம். தருவது அவர் முடிவு.

இங்கே மறைவான செலவு எது? பணமாக எதுவும் இருக்கக் கூடாது. நகல், கோர்ட் கட்டணம், மொழிபெயர்ப்பு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. "டைப்பிங்குக்கு மட்டும் ஏதாவது கொடுங்க" என்று வக்கீலோ குமாஸ்தாவோ கேட்டால், அதுவே புகாருக்கான காரணம். உண்மையான செலவு உங்கள் அலைச்சல்தான். வக்கீலுக்கு வழக்குகள் அதிகம், உங்கள் பையனின் கதை அவருக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். எண், பிரிவுகள், சம்பவ நேரத்தில் பையன் எங்கே இருந்தான், யார் பார்த்தார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும் குடும்பத்தின் வழக்கு நன்றாக நடக்கிறது. கொடுக்காத குடும்பத்தின் வழக்கு கட்டோடு கட்டாகக் கிடக்கிறது.

## வழி 2: தெரிந்தவர் மூலம் வரும் "ஃபீஸ் இல்லாத" வக்கீல்

கட்சிக்காரர், சாதிச் சங்கத்துக்காரர், மாமாவின் நண்பர். எந்த ஊரிலும் வேகமாக நடப்பது இந்த வழிதான். இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வருபவரும் பெரும்பாலும் இவர்தான். அந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு: ரிமாண்டுக்கு முன்பே, எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பேகூட ஒருவர் உள்ளே போய்ப் பேச முடிகிறது.

ஆனால் இங்கேதான் ஒளிந்த செலவுகள் அதிகம். "ஃபீஸ் வேண்டாம், செலவுக்கு மட்டும்" என்று தொடங்கும். ரிமாண்டுக்கு ஒன்று, ஜாமீன் மனுவுக்கு ஒன்று, ஜாமீன்தாரர் ஏற்பாட்டுக்கு ஒன்று, கண்டிஷன் தளர்த்த ஒன்று என்று கட்டம் கட்டமாக வளரும். முதல் நாளே, எந்தக் கட்டம் வரை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

மாறுவதும் இங்கே கடினம். வக்காலத்து (எனக்காக இவர் ஆஜராகலாம் என்று கையெழுத்திடும் காகிதம்) போட்ட வக்கீலிடமிருந்து வேறொருவருக்குப் போக அவருடைய ஒப்புதலை வாங்கச் சொல்வார்கள். பாக்கி இருந்தால் வழக்குக் கட்டு வராது. கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதம் எதுவென்று தெரியாமல், வெற்று வக்காலத்தில் பையனிடம் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.

ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஆளைப் பற்றி ஒரு வரி: ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. விதியை மீறி வருபவர் உங்களுக்காக விதியைக் காப்பாற்றுவார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. சின்ன வழக்குகளில், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம், இன்னைக்கே முடிஞ்சிரும்" என்று ஆலோசனை வரும். அலைச்சல் மிச்சம்தான். ஆனால் ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. போலீஸ் தேர்வு, அரசு வேலை, பாஸ்போர்ட் சரிபார்ப்பு என்று அடுத்த பத்து வருடத்துக்கு அது பின்னாலேயே வரும். இருபது வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய மறைவான செலவு இல்லை. 21 வயதுக்குட்பட்டவருக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதவற்றில், காரணம் பதிவு செய்யாமல் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது என்று குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இன் 6ஆவது பிரிவு சொல்கிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுத்தான் கோர்ட் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கப்பட்டால், தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் ஒட்டாது. உங்கள் வக்கீல், இலவசமோ காசுக்கோ, இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். அதில் அவருடைய அக்கறை தெரியும்.

## வழி 3: மனித உரிமை அமைப்புகள்

மதுரையை மையமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் காவல் சித்திரவதை வழக்குகளில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. தலித் மக்கள் மீதான வன்கொடுமைகளில் எவிடென்ஸ் அமைப்பு. இவர்களிடம் போக வேண்டிய நேரம் தெளிவானது: அடித்திருக்கிறார்கள், கைதையே காட்டாமல் வைத்திருக்கிறார்கள், சாதி காரணமாக வழக்கு திரிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேஷனை எதிர்த்து எழுத உள்ளூர் வக்கீல் தயங்கும் இடத்தில் இவர்கள் தயங்குவதில்லை.

சாதாரண பைக் திருட்டு வழக்குக்கு இவர்களை எதிர்பார்க்காதீர்கள். எடுக்கும் வழக்குகளைத் தேர்ந்தெடுத்துத்தான் எடுப்பார்கள். இங்கே செலவு வேறு வகை: வழக்கு வெளிச்சத்துக்கு வரும். உண்மை அறியும் குழு, பத்திரிகையாளர் சந்திப்பு என்று பையனின் பெயர் வெளியே போகலாம். குடும்பம் அதற்குத் தயாரா என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே சட்டப்படி குற்றம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நேராகவே புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். காயம் இருந்தால் புகைப்படமும் மருத்துவச் சீட்டும் அன்றே எடுக்கப்பட வேண்டும்; பத்து நாள் கழித்து எந்த அமைப்பு வந்தாலும் மறைந்த வீக்கத்தை நிரூபிக்க முடியாது.

## வழி 4: சட்டக் கல்லூரி, போன், பொது சேவை மையம்

சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்கள், பொது சேவை மையங்களின் வழியாக போனிலும் வீடியோவிலும் கிடைக்கும் டெலி-லா சட்ட ஆலோசனை, 15100 எல்லாம் ஆலோசனைக்கு நல்லவை. எஃப்.ஐ.ஆரைப் படித்துப் புரிந்துகொள்ள, மனு எழுத, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரிந்துகொள்ள இவை போதும். கோர்ட்டில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். மாணவர்கள் நிற்கவும் முடியாது. கைது இன்னும் நடக்கவில்லை, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் மட்டும் வந்திருக்கிறது என்றால் இங்கே தொடங்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் ரிமாண்டுக்கு நிற்பார்களா | விசாரணை முடியும் வரை? | ஒளிந்திருக்கும் செலவு | எப்போது இது சரி |
|---|---|---|---|---|
| சட்டப் பணிகள் ஆணைக்குழு | ஆம், கேட்டால் | ஆம், மேல்முறையீடும் உண்டு | அலைச்சல், வக்கீலின் வேலைப் பளு | பெரும்பாலான கைதுகள், எல்லாச் சிறார் வழக்குகளும் |
| தெரிந்தவர் வழி வக்கீல் | ஆம், இரவிலேயே | பணம் தொடரும் வரை | கட்டம் கட்டமான செலவு, மாறுவது கடினம் | ரிமாண்டுக்கு முன் ஸ்டேஷனில் பேச |
| மனித உரிமை அமைப்பு | சில நேரம் | எடுத்த வழக்கில் ஆம் | வெளிச்சம், காத்திருப்பு | சித்திரவதை, சாதி வன்கொடுமை |
| ஆலோசனை மையங்கள் | இல்லை | இல்லை | கைதுக்குப் பின் நேர விரயம் | நோட்டீஸ் கட்டம், காகித வேலை |

## எந்த வழியில் போனாலும் வரும் செலவு: ஜாமீன்தாரர்

ஜாமீன் ஆர்டர் கிடைத்தும் வெளியே வராமல் இருப்பவர்கள் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். சொத்து வரி ரசீதோடு வருகிற சொந்தக்காரர் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார். அப்போது "ஜாமீன்தாரரை நாங்களே ஏற்பாடு பண்றோம்" என்று ஆள் வருவான். காசு வாங்கிக்கொண்டு யாருடைய ரசீதையோ காட்டும் அந்த வேலையில் மாட்டினால் அது இன்னொரு வழக்கு.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்கு உதவி கிடைக்க வழி உண்டு. இரண்டுக்கும் வாசல் சட்டப் பணிகள் ஆணைக்குழுதான். காசுக்கு வக்கீல் வைத்தவர்களும் இதற்காக அந்த அலுவலகப் படியேறலாம்.

நாள் கணக்கையும் குடும்பம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ரிமாண்டிலிருந்து 60 நாளில், மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளில், சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். கஞ்சா போன்ற சிறப்புச் சட்டங்களில் கெடு நீளலாம். சார்ஜ் ஷீட் வருவதற்கு முன் மனுப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அதற்கு முந்தைய நாள் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள். எந்த வக்கீலும் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

## குண்டாஸ் போட்டுவிட்டால்

1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், ஊர் வாயில் குண்டர் சட்டம். இதில் ஜாமீன் மனு வேலை செய்யாது. 12 மாதம் வரை தடுப்புக் காவல். அந்தக் காவல் சரிதானா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுமத்தின் முன் வக்கீல் ஆஜராக முடியாது. அரசுக்கு மனு அனுப்புவது, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுவது இரண்டும்தான் வழி. மாஜிஸ்திரேட் கோர்ட் வக்கீலோடு நிற்காமல், உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், இந்த மனுக்களைத் தொடர்ந்து நடத்தும் உயர் நீதிமன்ற வக்கீலுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தடுப்புக் காவல் ஆவணங்களில் உள்ள சின்னச் சின்னத் தாமதங்கள், மொழிபெயர்ப்புப் பிழைகள், கொடுக்காமல் விட்ட பக்கங்கள் ஆகியவற்றைத் தேடிப் பிடிப்பதற்குப் பழகிய கண் வேண்டும்.

## பாதிக்கப்பட்டவர் உங்கள் பிள்ளை என்றால்

அரசு வக்கீல் இருக்கிறாரே, நமக்கெதற்குத் தனியாக என்று நினைப்பார்கள். அரசு வக்கீல் அரசுக்காக நிற்பவர். உங்கள் மகளிடம் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று உட்கார்ந்து விளக்க அவருக்கு நேரம் இருக்காது. கோர்ட் அனுமதியோடு அரசுத் தரப்புக்கு உதவ நீங்கள் சொந்தமாக ஒரு வக்கீலை வைக்கலாம். போக்ஸோ வழக்கில் 40ஆவது பிரிவு குடும்பத்துக்கு வக்கீல் உரிமையைத் தருகிறது. வசதி இல்லாவிட்டால் ஆணைக்குழு தர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில், எதிரியின் ஜாமீன் மனு வரும்போது உங்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும். அந்த வாய்தாவுக்கு யாரும் போகாமல் விட்டு, அடுத்த தெருவில் அவன் நிற்பதைப் பார்த்துத்தான் பல குடும்பங்களுக்கு ஜாமீன் கிடைத்த செய்தியே தெரிகிறது.

புகார் வந்தது என்பதற்கு ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அடுத்து மாஜிஸ்திரேட். இழப்பீட்டையும் முடிவு செய்வது மாவட்ட ஆணைக்குழுதான். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான அவசர உதவிக்கு 181.

இதிலிருந்து ஒரு நியாயமான சந்தேகம் வரும்: ஒரே வழக்கில் எதிரிக்கும் அதே ஆணைக்குழுதானே வக்கீல் தருகிறது? ஆம். டிஃபென்ஸ் கவுன்சில் வக்கீல்கள் எதிரித் தரப்புக்கு மட்டுமே ஆஜராவார்கள். பாதிக்கப்பட்டவருக்குப் பட்டியலில் உள்ள வேறு வக்கீல் வருவார். உங்கள் ஊர் சின்னது, இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்கிறவர்கள் என்று தெரிந்தால், பக்கத்துத் தாலுகாவிலிருந்து வக்கீல் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிவிடுங்கள்.